பள்ளி பெஞ்சும் பச்சை மரமும்

புதிதாகச் செய்து போட்ட பெஞ்சு ஒன்று நமது கிராமங்களில் எத்தனை நாள் ஆடாமல் நிற்கிறது என்பதை யாரேனும் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? நம் பாட்டனார் காலத்து விசிப்பலகைகள் இன்னும் பல வீட்டுத் திண்ணைகளில் அசையாமல் கிடக்கின்றன. அவற்றின்மேல் மூன்று தலைமுறையினர் அமர்ந்து எழுந்திருக்கின்றனர். ஆனால் பொதுப் பணத்தில் செய்யப்படும் பெஞ்சும் நாற்காலியும் இரண்டு கோடையைத் தாங்குவதில்லை. இதற்குக் காரணம் ஆசாரியின் கைத்திறன் குன்றியதே என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அஃது உண்மையன்று என்பதே என் கருத்து. காரணம் பெரும்பாலும் மரத்தின் ஈரத்தில் இருக்கிறது. அதைவிட, நாம் வேலை கொடுக்கும் மாதத்தில் இருக்கிறது.

நான் நன்கறிந்த ஒரு கிராமத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு, படிப்பகத்துக்கும் பாலர் வகுப்புக்குமாகப் பன்னிரண்டு பெஞ்சுகள் செய்யப்பட்டன. ஆனி மாதத்தில் மெருகு பளபளக்க வந்து சேர்ந்தன. யாவரும் மகிழ்ந்தனர். மறு பங்குனிக்குள் அவற்றில் ஏழு ஆட்டங்கண்டுவிட்டன. மூன்றின் இருக்கைப் பலகை நீளவாக்கில் பிளந்தது. ஒரு நாள் அந்தப் பிளவில் ஒரு சிறுமியின் பாவாடை சிக்கிக் கிழிந்தது. குழந்தை அழுதுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர், "மரத்திலே ஆசாரி கைவைத்துவிட்டார்" என்றே சொல்லிவிட்டார். ஆசாரியாரை அழைத்து விசாரித்தனர். அறுபது வயதைக் கடந்த அப்பெரியவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தலைவரே, பெஞ்சு வேண்டுமென்று நீங்கள் சொன்னது பங்குனியில். கணக்கு முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றீர்கள். சித்திரையில் மரம் வெட்டி வந்தது. வைகாசியில் நான் இழைக்கும்போது பலகை கையில் ஈரமாக ஒட்டியது. ஒரு வருஷம் பொறுங்கள் என்று நான் சொன்னால், நீங்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்களா?"

கூட்டத்தில் அதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையைத்தான் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்

நனைத்த வேட்டியைப் பிழிந்தால் சொட்டுகின்ற நீர் ஒன்று. பிழிந்த பின்னும் நூலுக்குள்ளேயே நிற்கும் ஈரம் வேறொன்று. மரத்திலும் அவ்வாறே இருவகை நீர் உண்டு. மரம் நுண்ணிய குழல்களால் ஆனது. குழல்களின் உள்வெளியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அது போவதால் மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. அது தீர்ந்த பின், குழல்களின் சுவரில் ஊறியிருக்கும் ஈரம் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது.

மரத்தின் ஈரத்தை முற்றும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவிகிதமாகச் சொல்வது வழக்கம். 100 கிராம் உலர்ந்த மரத்தோடு 30 கிராம் நீர் சேர்ந்திருந்தால் அதன் ஈரம் 30 சதவிகிதம். புதிதாக வெட்டிய மரத்தில் இது 60, 80 என்றும், சிலவற்றில் 100-க்கு மேலும் இருக்கும். சுருக்கம் தொடங்குவது ஏறத்தாழ 28 அல்லது 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கும்போது. நமது உள்மாவட்டங்களில் நிழலில் கிடக்கும் மரம் கடைசியில் 10 அல்லது 12 சதவிகிதத்தை ஒட்டி நிலைகொள்ளும். கடற்கரை ஊர்களில் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதற்குக் கீழே அது தானாக உலராது; மழைக்காலத்தில் சிறிது ஈரத்தை மீண்டும் வாங்கிக்கொள்ளவுஞ் செய்யும். எந்தப் பகுதியில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பு 287 என்னும் எண்ணுள்ள தரக்குறிப்பில் வரையறுத்திருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுவதற்குப் பஞ்சாயத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

இனி, சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரேயளவாக நிகழுமாயின் துன்பமே இல்லை. பெஞ்சு சிறிது சிறியதாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்குகிறது. அதிலும், அடிமரத்தின் வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை ஓடு போல வளைந்துகொள்வது இதனால்தான். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சைப் பலகை உலரும்போது ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் குறுகிவிடக் கூடும். அதன் அடியில் குறுக்காக ஆணி அடித்து இறுக்கிய சட்டமோ தன் நீளத்தில் குறுகாது. பலகை குறுக விரும்புகிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் நடுவே பலகை பிளக்கிறது. மேற்சொன்ன கிராமத்தில் அச்சிறுமியின் பாவாடையைக் கிழித்த பிளவு இப்படி உண்டானதே.

உலர்த்தும் முறை

மரத்தைக் குளத்திலோ கிணற்றிலோ சில வாரம் ஊறப்போட்டுப் பின்பு எடுப்பது நம் முன்னோர் வழக்கம். மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்து போவதால், அதை நாடி வரும் வண்டு குறைகிறது. ஆதலின் இதனைப் பயனற்ற வழக்கமென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் ஊறப்போட்டாலே மரம் பதமாகிவிட்டது என்று நினைத்து, எடுத்த கையோடு இழைக்கத் தொடங்குவோரும் இருக்கின்றனர். ஊறுதல் வேறு, உலர்தல் வேறு. ஊறிய மரமும் உலர்ந்தே ஆக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பின் மரத்தை வெட்டி அறுத்து அடுக்குவது நமது பகுதிக்கு ஏற்றது. அடிமரத்தை அப்படியே போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் உள்ளே ஈரம் நிற்கும். மேற்புறம் மட்டும் வெடிக்கும். ஆகவே காலந்தாழ்த்தாமல் பலகையாகவும் சட்டமாகவும் அறுத்துவிட வேண்டும். அறுக்கும்போது, இழைத்த பின்னும் சுருங்கிய பின்னும் வேண்டிய கனம் நிற்கும்படி சற்றுக் கூடுதலாக வைத்து அறுக்கச் சொல்ல வேண்டும். மரத்தின் நடுக்குருத்து எந்தப் பலகையிலும் வராமல் ஒதுக்கிவிடுவது நல்லது. குருத்து வந்த பலகை வெடிக்காமல் இருப்பது அரிது.

அடுக்கும் இடம் காற்றோட்டமுள்ள நிழலாக இருக்கட்டும். வெயில் நேரே பட்டால் மேலே உலர்ந்து உள்ளே ஈரமிருக்கும். அந்த இழுபறியில் பலகை வெடிக்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கல்லோ செங்கல் தூணோ வைத்து, அதன்மேல் முதல் வரிசைப் பலகைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்ப வேண்டும். அவற்றின் குறுக்கே ஓர் அங்குலக் கனமுள்ள உலர்ந்த குச்சிகளை ஒன்றரை அடி, இரண்டடி இடைவெளியில் வைத்து, மேலே அடுத்த வரிசை. இந்தக் குச்சிகள் கீழ் வரிசைக் குச்சிகளுக்கு நேர் மேலே நிற்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்று அரை அடி தள்ளி நின்றாலும், மேலுள்ள பாரம் பலகையை அவ்விடத்தில் வளைத்துவிடும். வளைந்தபடியே உலர்ந்த பலகையை எந்த இழைப்புளியாலும் நிமிர்த்த முடியாது. அடுக்கின் உச்சியில் கனமான கற்களை ஏற்றி வைக்கலாம்.

பலகையின் இரு முனைகளிலும் நீர் மிக விரைவாக வெளியேறும். ஆகவே முனைகள் முதலில் வெடிக்கும். சாணமும் களிமண்ணும் குழைத்து முனைகளில் அப்புவது பழைய வழக்கம். தாரோ மிச்சமிருக்கும் பெயின்ட்டோ பூசினாலும் போதும். பூசவேண்டியது அறுத்த அன்றே; வெடித்த பிறகு பூசுவதில் பயனில்லை.

எத்தனை நாள் உலர வேண்டும் என்று கேட்பீர்கள். மரத்துக்கு மரம், கனத்துக்குக் கனம், ஊருக்கு ஊர் இது வேறுபடும். ஓர் அங்குலப் பலகை நமது வறண்ட காலத்தில் சில மாதங்களில் பதத்துக்கு வரும். இரண்டரை அங்குலக் கால் சட்டத்துக்கு அதைப்போல் பன்மடங்கு காலம் பிடிக்கும். நாளை எண்ணுவதைவிட எடையை நோக்குவதே உறுதியான வழி. அடுக்கின் நடுவே எளிதில் உருவக்கூடிய பலகை இரண்டைத் தெரிந்தெடுத்து, வாரந்தோறும் ஒரே நாளில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைத் தேதியுடன் அப்பலகையிலேயே சுண்ணக்கட்டியால் எழுதி வர வேண்டும். முதலில் எடை மளமளவென்று இறங்கும். பின்பு மெல்ல இறங்கும். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் அம்மரம் அவ்வூர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று கொள்ளலாம். மரத்தில் இரு ஊசிகளை அழுத்தி ஈரத்தைக் காட்டும் சிறு கருவியும் கடைகளில் கிடைக்கிறது. பல பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பொருள்களை ஏற்றுக்கொள்ளும் நாளில் அதை ஊன்றிப் பார்த்தாலே வாதம் தீர்ந்துவிடும்.

டேராடூனில் 1906-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம், சூரிய வெப்பத்தைக் கொண்டே மரத்தை விரைவில் உலர்த்தும் அறைகளை வடிவமைத்திருக்கிறது. மரவேலைக் குடும்பங்கள் பல உள்ள ஊர்களில் இவ்வகை அறை ஒன்றைப் பொதுவில் அமைப்பது யோசிக்கத்தக்கது. ஒன்றிரண்டு பட்டறைகளே உள்ள ஊருக்கு நிழலும் காற்றும் போதும்.

எந்த மரம்?

தேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. சுருக்கம் குறைவு, கறையான் எளிதில் அண்டாது, விலைதான் அண்டவிடாது. பெஞ்சுக்கும் மேசைக்கும் தேக்கையே நாட வேண்டுமென்பதும் இல்லை. வேம்பு, பூவரசு, வாகை, பலா ஆகியவை நம் வரப்புகளிலும் வீட்டுப் புறங்களிலும் நிற்கும் மரங்களே. உரிய முறையில் உலர்த்தினால் அவை பள்ளிக்கூடத்துக்குத் தாராளமாகப் போதும். எந்த மரமாயினும் வைரம் பாய்ந்த உட்பகுதியைப் பயன்படுத்த வேண்டும். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியில்தான் வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். மாமரம் மலிவு, ஆனால் விரைவில் உளுத்துப் போகும். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பச்சைப் பலகையை நனைத்து, சில வாரம் மூடி வைத்து மருந்து உள்ளே ஊறிய பின் உலர்த்தினால் இத்தொல்லை பெரிதும் குறையும். இம்மருந்து மழைநீரில் கரைந்து போவதால், வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கே இம்முறை ஏற்றது.

சீமைக் கருவேலை இங்கே குறிப்பிட்டால் சிலர் நகைக்கக்கூடும். அதனை விறகாகவும் கரியாகவுமே நாம் அறிவோம். ஆனால் அதன் மரம் கடினமானது. உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது. நேரான நீண்ட துண்டு கிடைப்பது அரிது என்பதே அதன் குறை. முக்காலி, சிறு நாற்காலி, கருவிகளின் கைப்பிடி ஆகியவற்றுக்கு நீண்ட துண்டு எதற்கு? அகற்றும் மரங்களில் பருத்தவற்றை மட்டுமேனும் அடுப்புக்கு அனுப்பாமல் ஆசாரியிடம் காட்டிப் பார்க்கலாம்.

புறம்போக்கில் நிற்கும் மரத்தை உரிய அனுமதியின்றி வெட்டலாகாது என்பதையும், மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவது 1955-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் அங்கத்தினர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆணியில்லாப் பொருத்து

நல்ல பெஞ்சின் காலும் குறுக்குச் சட்டமும் ஆணியால் நிற்பதில்லை. சட்டத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, காலில் அதற்குச் சரியான துளை தோண்டி, இறுகச் செருகுவதே தொன்றுதொட்ட முறை. துளையின் அகலம் காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கட்டும். 60 மில்லிமீட்டர் காலுக்கு 20 மில்லிமீட்டர் துளை. இதைவிடப் பெரிதாகத் தோண்டினால் கால் மெலிந்துபோம். சிறிதானால் நாக்கு ஒடியும். நாக்கு கையால் அழுத்தும்போது பாதி நுழைந்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டும்போது மீதி நுழைய வேண்டும். கையாலேயே முழுதும் நுழைந்தால் தளர்ச்சி. ஓங்கி அடித்தால்தான் நுழையும் என்றால் கால் பிளக்கும்.

செருகிய பின் குறுக்கே துளையிட்டு மரமுளை அறைவது மேலும் உறுதி தரும். இதிலே பழைய ஆசாரிகள் கையாளும் நுட்பம் ஒன்று உண்டு. காலில் இட்ட துளைக்கு நேரே நாக்கிலும் துளையிடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு சட்டத்தின் தோளை நோக்கித் தள்ளி இடுவார்கள். முனை கூர்மையாக்கிய முளையை அறையும்போது அது நாக்கை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பசை விட்டுப் போனாலும் இப்பொருத்து விடாது. வெள்ளைப் பசை வந்த பிறகு இந்த நுட்பம் மறைந்து வருவது வருந்தத்தக்கது. பசை நல்லதே, ஆனால் ஈர மரத்தில் பூசிய பசை சரியாகப் பிடிப்பதில்லை. ஆணியோ, மரம் சுருங்கச் சுருங்கத் தளரும். துருவேறி மரத்தைக் கறுக்கச் செய்யும். தலை நீட்டிப் பிள்ளைகளின் துணியையும் தோலையும் கிழிக்கும்.

மேற்பலகை நன்கு உலர்ந்ததேயாயினும் மழைக்கும் கோடைக்கும் சிறிது விரிந்து சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். அரை மீட்டர் அகல மேசைப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் வரை மாறலாம். ஆகவே அதனை அசையாமல் பூட்டிவிடாமல், அடிச்சட்டத்தில் நீள்துளையிட்டுத் திருகாணியால் பிணைக்க வேண்டும். பலகை நகரும்போது திருகாணி துளைக்குள் நகர்ந்து கொடுக்கும். இருக்கைக்கு ஒரே அகலப் பலகை போடுவதைவிட, விரல் நுழையாத சிறு இடைவெளி விட்டு இரண்டு குறுகிய பலகைகள் போடுவது மேல். மெருகு பூசுவோர் மேற்புறம் மட்டும் பூசிவிட்டு அடிப்புறத்தை விட்டுவிடுகின்றனர். ஒரு புறம் ஈரம் வாங்கி மறுபுறம் வாங்காவிட்டால் பலகை வளையும். இரு புறமும் பூசவேண்டும்.

பிள்ளைகளுக்கான பெஞ்சில் அமர்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். பெரியவர்களுக்கு 45 சென்டிமீட்டர் உயர இருக்கை பொருந்தும். அதே அளவில் பாலர் வகுப்புக்கும் செய்து கொடுத்தால் குழந்தைகள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுதும் தவிக்க நேரும். வேலை தொடங்குமுன் ஆசாரியாரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, நாலைந்து பிள்ளைகளின் முழங்கால் உயரத்தை அளக்கச் செய்வதே சரி.

கூரிய உளி

மழுங்கிய உளியால் கையை வெட்டிக்கொண்டவர்கள் கூரிய உளியால் வெட்டிக்கொண்டவர்களைவிட அதிகம் என்று எந்த ஆசாரியும் சொல்வார். கூரிய உளி சிறிது அழுத்தினாலே மரத்தைச் சீவும். மழுங்கியதை உடம்பின் பலம் முழுதும் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அது வழுக்கும்போது அத்தனை பலமும் கையில் இறங்குகிறது. சாணையில் 25 பாகைச் சாய்வில் பிடித்து, பின்பு எண்ணெய்க் கல்லில் 30 பாகையில் நுனியை மட்டும் தீட்டுவது பொதுவான அளவு. சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்காவிட்டால் நுனி நீலம் பாய்ந்து உருக்கின் பதம் கெட்டுவிடும். தீட்டிய பின் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் படியவைத்து இரண்டு முறை தேய்த்துப் பிசிறை நீக்க வேண்டும். கூர்மையைக் கட்டைவிரலில் சோதிக்காமல், மென்மரத் துண்டின் முனையைச் சீவிப் பார்க்கலாம்.

உளிக்கு முன்னால் எந்தக் கையும் இருக்கக் கூடாது. இரு கைகளும் உளியின் பின்னாலேயே இருக்க வேண்டும். இதற்கு மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே? நம் ஊரில் அந்த மூன்றாவது கை காலாக இருக்கிறது. தரையில் அமர்ந்து, பாதங்களுக்கிடையே மரத்தை இடுக்கிக்கொண்டு வாச்சியால் செதுக்கும் காட்சியை நாம் சிறுவயது முதல் கண்டு பழகிவிட்டோம். பெருவிரலில் பழைய தழும்பு இல்லாத மூத்த ஆசாரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இடுப்பளவு உயரமுள்ள உறுதியான வேலைமேசையும், அதில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியும் இருந்தால் இத்தழும்புகளுக்கு இடமிருக்காது. முதுகு வலியும் குறையும். பஞ்சாயத்து உதவி செய்ய விரும்பினால் மின்சாரக் கருவிக்கு முன்னால் இதற்கு உதவட்டும்.

மின்சார ரம்பம்

அந்தப் பன்னிரண்டு பெஞ்சுகளின் கதையில் நான் இன்னும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது பெஞ்சுக்குச் சட்டம் அறுக்கையில் ஆசாரியாரின் மகனுக்கு இடக்கைச் சுட்டுவிரலில் இரு கணுக்கள் போயின. கையில் பிடித்து அறுக்கும் கட்டர் மிஷினைப் பலகையின் அடியில் தலைகீழாகப் பூட்டி, வட்ட ரம்பம் மேலே துருத்தும்படி செய்து, விசையைக் கயிற்றால் கட்டி ஓடவிட்டிருந்தார்கள். மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். எத்தனையோ பட்டறைகளில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது.

அன்று விபத்தை உண்டாக்கியதும் பச்சை மரமே. ஈர மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது, அறுபட்ட பிளவின் இரு பக்கமும் ரம்பத்துக்குப் பின்னால் நெருங்கி வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். சுழலும் ரம்பம் அந்தக் கட்டையை ஆளை நோக்கி வீசியடிக்கும். கண் இமைக்கும் முன் நிகழும் இதைக் கையால் தடுக்க எவராலும் முடியாது. கட்டை பின்னால் வீசப்பட்டபோது, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை முன்னால் ரம்பத்தின்மீது போய் விழுந்தது.

ரம்பத்துக்கு நேர் பின்னால், பிளவு மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நல்ல மிஷினிலேயே பொருத்தி வருகிறது. அதனை இடையூறு என்று கழற்றி எறிந்துவிடுகின்றனர். அந்தத் தகடும் மேல் மூடியும் எப்போதும் இடத்தில் இருக்க வேண்டும். ஆள் ரம்பத்துக்கு நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். கடைசி ஒரு சாணைக் கையால் தள்ளாமல், நுனியில் வெட்டு வைத்த தள்ளுகோலால் தள்ள வேண்டும். விசையைக் கட்டி வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். தோளில் துண்டோ, தழையக் கட்டிய வேட்டியோ கைலியோ, கையில் கயிறோ உறையோ சுழலும் மிஷினருகே ஆகா. கையுறை கையைக் காக்கும் என்று எண்ணி அணிகிறார்கள்; அதன் நூல் சிக்கினால் கையையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். ரம்பம் மாற்றும்போது விசையை நிறுத்தினால் மட்டும் போதாது, கம்பியையே பிடுங்கிவிட வேண்டும். பட்டறையில் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையும் இருக்கட்டும்.

காயம் பட்ட அன்று வீட்டார் காப்பித்தூளை அள்ளி அப்பினர். மஞ்சளோ, காப்பித்தூளோ, சுண்ணாம்போ எதுவும் வைக்கலாகாது. தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, 108-க்குச் சொல்ல வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அத்துண்டைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து உடன் கொண்டுபோக வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. இச்செய்தி அன்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் விரலை ஒட்டவைக்க ஒருவேளை வழியிருந்திருக்கும். விரல் துண்டு பட்டறையிலேயே மரத்தூளுக்குள் கிடந்துவிட்டது.

மரத்தூளைப் பற்றியும் ஒரு சொல். உளிச் சீவல் தீங்கற்றது. மிஷினில் பறக்கும் மெல்லிய தூளே தீயது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியிருக்கிறது. மூக்கின் உட்பகுதியே முதலில் பாதிக்கப்படுவது. தலைக்குத் துண்டு கட்டுவது போல மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். அறுப்பு வேலையைக் கூடியமட்டும் வெளித்தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும். அத்தகைய துணியை விரித்து வெளியே காயப்போட வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவது

வேலை கொடுக்கும் மாதத்தை மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. மரத்துக்கு ஓர் ஆண்டிலும், செய்கூலிக்கு மறு ஆண்டிலும் தொகை ஒதுக்கலாம். தையில் மரத்தை அறுத்துப் பஞ்சாயத்துக் கட்டிடத்தின் பின்புறம் அடுக்கிவிட்டால், ஆசாரியார் உலர்ந்த மரத்தில், அவசரமில்லாமல், தம் கைத்திறன் முழுவதையும் காட்டி வேலை செய்வார். விலைப்புள்ளியில் வெறுமே "மர பெஞ்சு 12" என்று எழுதினால் மலிந்த விலைக்கு மலிந்த பொருள்தான் வரும். எந்த மரம், எவ்வளவு ஈரம், எவ்வகைப் பொருத்து, ஆணி கூடாது என்பனவற்றை எழுதியாக வேண்டும். பசையிட்டுப் பூட்டுமுன் ஒரு நாள் அங்கத்தினர் இருவர் பட்டறைக்குச் சென்று, நாக்கையும் துளையையும் கண்ணால் கண்டுவிட்டால் மிக நன்று. மெருகு பூசிய பிறகு எந்தக் கண்ணுக்கும் உள்ளே இருப்பது தெரியாது.

மேற்சொன்ன கிராமத்தில் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு வாகை மரம் வாங்கி அறுத்து அடுக்கினார்கள். நான் ஆடி மாதத்தில் அங்கே சென்றிருந்தபோது, விரலிழந்த அந்த இளைஞரே அடுக்கின் நடுவிலிருந்து பலகையை உருவி எனக்குக் காட்டினார். தைக் கடைசியில் 13 கிலோ 200 கிராம் என்று தொடங்கிய சுண்ணக்கட்டி எழுத்து வரிசை வரிசையாக இறங்கி வந்து, 9 கிலோ 100 என்று மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. நாலாவது வாரமும் நிறுத்துப் பார்த்துவிட்டு ஆவணியில் கால்களுக்குத் துளை போடத் தொடங்குவதாகச் சொன்னார். கால் சட்டங்களுக்கு மட்டும், தம் தந்தையார் வீட்டுப் பரணில் ஆறு ஆண்டுகளாகக் கிடந்த பூவரசை எடுத்துக் கொடுத்திருக்கிறாராம்.